கிரீன் கார்டு நேர்முகம்: கோப்பில் எழுதியதும் வாயால் சொல்வதும்

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கோயம்புத்தூரிலிருந்து மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்து, இப்போது எச்-1பி விசாவில் நியூஜெர்சியில் வேலை பார்க்கும் ஒரு பெண், சென்ற ஆண்டு ஆவணி மாதம் பேரூர்க் கோயிலில் திருமணம் செய்துகொண்டார். கணவர் தமிழர், அமெரிக்கக் குடிமகன். வேலை நிமித்தமாக வாரத்தில் நான்கு நாள் பாஸ்டனில் தங்குகிறார். மனைவிக்காகக் கணவர் தாக்கல் செய்த ஐ-130 உறவு மனுவும், மனைவி தாக்கல் செய்த ஐ-485 கிரீன் கார்டு விண்ணப்பமும் ஒன்றாகப் பரிசீலனையில் இருக்க, நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. "பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம் எங்களுடையது. திருமணத்துக்கு முன் சேர்ந்து எடுத்த படங்கள் இல்லை. இப்போதும் பாதி வாரம் தனித்தனியே இருக்கிறோம். அதிகாரி நம்புவாரா? என்னென்ன கேட்பார்கள்? வழக்கறிஞர் இல்லாமல் போகலாமா?" என்று கேட்கிறார்.

நான் வழக்கறிஞன் அல்லன். என் சொந்த நேர்முகத்தைக் கடந்து வந்தவன். அதற்குப் பிறகு தமிழ் மட்டுமே பேசத் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் பலமுறை அந்த அறைக்குள் அமர்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இந்த நேர்முகம் உங்கள் தாம்பத்தியத்தின் இனிமையை அளக்கும் தேர்வு அல்ல, நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த தாள்களில் இருப்பது உண்மையா என்று, உங்களைச் சத்தியம் செய்ய வைத்துச் சரிபார்க்கும் விசாரணை. பல் தேய்க்கும் பசையின் நிறம் என்ன, படுக்கையில் யார் எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்துகொண்டு வரும் தம்பதியர், தங்கள் விண்ணப்பத்தில் எந்த முகவரியை எந்த மாதத்திலிருந்து எழுதினோம் என்பதை மறந்துவிட்டு விழிப்பதைக் கண்டிருக்கிறேன். எனவே இருவரும் ஒரு நாள் மாலை உட்கார்ந்து, ஐ-130, அதோடு இணைக்கும் மனைவியின் விவரப் படிவமான ஐ-130ஏ, ஐ-485, கணவரின் நிதி உறுதிமொழியான ஐ-864 ஆகிய நான்கையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படித்துவிடுங்கள். தவறு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நேர்முகத்தின் தொடக்கத்திலேயே "இந்த இடத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது" என்று நீங்களாகச் சொன்னால், அதிகாரி அதே இடத்தில் திருத்தி எழுதிக்கொள்வார். அவர் கண்டுபிடித்த பிறகு நீங்கள் விளக்குவது வேறு கதை.

அந்தக் கோப்பில் இந்த விண்ணப்பம் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். மாணவர் விசாவுக்காகச் சென்னைத் துணைத் தூதரகத்தில் நீங்கள் கொடுத்த டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், எச்-1பி மனு, ஒவ்வொரு முறை விமான நிலையத்தில் இறங்கியபோதும் பதிவான ஐ-94 என்ற வருகைப் பதிவு என எல்லாவற்றையும் குடியேற்ற அதிகாரிகளால் எடுத்துப் பார்க்க முடியும். அன்றைக்கு ஒரு முகவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் தந்தையின் பிறந்த தேதியோ, அமெரிக்காவில் உறவினர் உண்டா என்ற கேள்விக்கான விடையோ வேறாக இருந்தால், அது இன்றைக்குக் கேள்வியாக வரலாம். உங்களிடம் அந்தப் படிவங்களின் நகல் இருந்தால் அவற்றையும் ஒரு முறை பாருங்கள்.

பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம் என்பது பற்றிய உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் காதலைக் கேட்பதில்லை. மணம் செய்துகொண்ட நேரத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வாழ்க்கையை அமைக்கும் எண்ணம் கொண்டிருந்தார்களா என்பதுதான் கேள்வி. 1975ஆம் ஆண்டு பார்க் என்பவரின் வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த அளவுகோலைத் தெளிவாகச் சொன்னது. திருமணத்துக்குப் பிறகு பிரிந்து வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் வைத்து அதைப் போலித் திருமணம் என்று முடிவு கட்டக் கூடாது என்றும் சொன்னது. ஆகவே கணவர் பாஸ்டனில் நான்கு நாள் தங்குவது உங்களுக்கு எதிரான சான்று ஆகிவிடாது. மறைத்தால்தான் எதிராகும். பாஸ்டன் அறையின் வாடகை ரசீது, அலுவலகம் நேரில் வரச் சொல்லும் கடிதம், வார இறுதியில் திரும்பி வரும் ரயில், பேருந்துச் சீட்டுகள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஐந்து ஆண்டு முகவரிகளைக் கேட்கும் பகுதியில் பாஸ்டன் முகவரி விடுபட்டிருந்தால், நான் மேலே சொன்ன திருத்தங்களில் முதலாவதாக அதைச் சொல்லுங்கள்.

சான்றுகளைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: முகூர்த்தப் படங்கள் முந்நூறைக் கனத்த ஆல்பமாகக் கொண்டுபோய் வைப்பது. ஒரே நாளில், ஒரே பட்டுப்புடவையில், ஒரே மேடையில் எடுத்த முந்நூறு படங்களும் சேர்ந்து ஒரு நாளுக்குத்தான் சாட்சி. அதைவிடப் பெண் பார்க்க வந்தபோது எடுத்த ஒரு படம், நிச்சயதார்த்தத்தில் இரண்டு, திருமணத்தில் ஐந்தாறு, மறுவீட்டில் ஒன்று, பிறகு இங்கே வந்து வாடகை வீட்டில் பால் காய்ச்சியது, தீபாவளி, நண்பர் வீட்டு வளைகாப்பு என்று காலம் நகர்வதைக் காட்டும் இருபது படங்கள் போதும். ஒவ்வொன்றின் பின்னாலும் நாள், இடம், உடன் நிற்பவர் யார் என்று எழுதிவையுங்கள். நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் இடையில் நீங்கள் இருவரும் தினமும் தொலைபேசியில் பேசியிருப்பீர்கள். அந்த அழைப்புப் பட்டியல் காதலர்களின் படங்களுக்குக் குறைந்ததல்ல. வாட்ஸ்அப் உரையாடல்களைச் சேர்ப்பதானால் சில பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். தமிழில் இருக்கும் எதையும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் கொடுக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் தமக்கு இரு மொழியும் தெரியும் என்றும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்றும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நோட்டரி முத்திரை தேவையில்லை. திருமணப் பத்திரிகைக்கும் இதே விதிதான்.

படங்களைக் காட்டிலும் எடை கூடியவை, பணமும் பொறுப்பும் கலந்த தாள்கள். இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே மருத்துவக் காப்பீடு, கார் காப்பீட்டில் இரண்டு பெயர், அலுவலக ஓய்வூதியக் கணக்கில் துணையை நாமினியாக எழுதியது ஆகியவை அந்த வகை. இவற்றுள் வருமான வரிக் கணக்கைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். டிசம்பர் 31 அன்று நீங்கள் மணமானவர் என்றால் அந்த ஆண்டு முழுவதற்கும் வரிச் சட்டத்தின் கண்ணில் மணமானவர்தான். பழக்க தோஷத்தில் மென்பொருளில் "தனி நபர்" என்று தட்டிவிட்டு வரி தாக்கல் செய்தவர்கள் பலர். நேர்முக மேசையில் அந்த ஒரு தாள், நாங்கள் கணவன் மனைவி என்ற உங்கள் சொல்லுக்கு எதிராக உங்கள் கையெழுத்தோடு நிற்கும். அப்படி நேர்ந்திருந்தால் நேர்முகத்துக்கு முன்பே திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து, அதன் நகலை எடுத்துச் செல்லுங்கள்.

கோயிலில் நடந்த திருமணம் என்பதால் பதிவுச் சான்றிதழ் இன்றியமையாதது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள், புரோகிதர் இல்லாத திருமணத்தை அமெரிக்க அதிகாரி ஏற்பாரா என்று கேட்பதுண்டு. 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து அத்தகைய திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்திருக்கிறது. நடந்த இடத்தில் செல்லும் திருமணம் பொதுவாக இங்கேயும் செல்லும். பொதுவாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணமும், தாய்மாமனை மணப்பதும் நம் ஊரில் வழக்கம். ஆனால் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இவ்வகைத் திருமணத்துக்குத் தடை இருக்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது. உறவுக்குள் மணந்தவர்கள் தாம் வசிக்கும் மாநிலத்தின் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்த அறைக்குள் போக வேண்டும்.

உங்கள் திருமணத்தில் மூன்று தேதிகள் இருக்கும்: பேரூரில் தாலி கட்டிய நாள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த நாள், வரவேற்பு நடந்த நாள். கணவர் ஒன்றையும் நீங்கள் மற்றொன்றையும் "திருமண நாள்" என்று சொல்லிவிடாதீர்கள். விண்ணப்பத்தில் எதை எழுதினீர்களோ அதுவே விடை. மற்றவற்றைக் கேட்டால் பிரித்துச் சொல்லுங்கள். இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல், தேதி எழுதும் முறை. நாம் நாளை முதலில் எழுதுவோம், இவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 05/09 என்பது நமக்குச் செப்டம்பர் ஐந்து; இவர்களுக்கு மே ஒன்பது. பன்னிரண்டுக்குள் வரும் எந்தத் தேதியும் இப்படித் தலைகீழாகும் என்பதால், வாயால் சொல்லும்போது மாதத்தின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

இனி, நான் மொழிபெயர்ப்பாளனாகக் கற்றுக்கொண்ட மிக முக்கியமான பாடத்துக்கு வருகிறேன். ஒருமுறை ஒரு கணவரிடம், "உங்கள் திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள்?" என்று அதிகாரி கேட்டார். "என் அண்ணன் வந்து முன்னின்று நடத்தினார்" என்றார் அவர். நான் அதை மூத்த சகோதரர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி கோப்பைப் பின்னோக்கிப் புரட்டி, "உடன்பிறந்தோர் இல்லை என்று முன்பு எழுதியிருக்கிறாரே?" என்று கேட்டார். அவர் சொன்னது பெரியப்பா மகனை. தமிழில் அதில் ஒரு பிழையும் இல்லை. பெரியப்பா மகன் அண்ணன்தான், சித்தி மகள் தங்கைதான். ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் ஒரு முரண்பாடாக மாறி, அதை விளக்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. நான் அங்கேயே "எந்த வகையில் அண்ணன்?" என்று அதிகாரியின் அனுமதியோடு கேட்டிருக்க வேண்டும், கேட்காதது என் தவறு. அன்றிலிருந்து நான் உடன் செல்லும் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்வது இது: உறவுப் பெயரைச் சொல்லாதீர்கள், உறவின் வழியைச் சொல்லுங்கள். "அப்பாவின் அண்ணனுடைய மகன்" என்று சொன்னால் எந்த மொழியிலும் குழப்பம் இல்லை. "மாமா" என்ற சொல்லும் இப்படித்தான். தாயின் தம்பி, அத்தையின் கணவர், மாமனார், சில ஊர்களில் சொந்தக் கணவர் என எத்தனையோ பேர் அதில் அடங்குகிறார்கள். உங்கள் ஆங்கிலம் நன்றாக இருந்தாலும், தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்லும்போது இந்தச் சறுக்கல் உங்களுக்கும் வரும்.

தலையாட்டுதலும் ஒரு மொழிதான். நாம் ஆமோதிக்கும்போது தலையைப் பக்கவாட்டில் அசைக்கிறோம். அதைப் பார்க்கும் அமெரிக்கருக்கு அது "இல்லை" என்று தோன்றக்கூடும். ஆம், இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றும், நினைவில்லாததற்கு நினைவில்லை என்றும் சொல்லுங்கள். பெரியவர் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் ஊகித்தாவது ஒரு விடை சொல்லிவிடுகிறோம். சத்தியப் பிரமாணத்தின் கீழ் ஊகித்துச் சொன்ன விடை தவறாகிப்போனால், அது உங்கள் வாக்குமூலமாகவே எழுதப்படும்.

பெயர் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முதலெழுத்தாகவோ, கடவுச்சீட்டில் விரிந்த பெயராகவோ இருக்கும். குடும்பப் பெயர் கட்டத்தில் மட்டும் பெயர் இருக்கும் கடவுச்சீட்டுக்கு, விசாவில் "எஃப்.என்.யு." என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று, அச்சாகி வந்தவர்கள் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் விரித்து எழுதிய பெயர் என்று இருந்தால், நீங்கள் பயன்படுத்திய எல்லா வடிவங்களையும் "பிற பெயர்கள்" பகுதியில் எழுதியிருக்க வேண்டும். விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். முதலெழுத்து முறையை இரண்டு வாக்கியத்தில் விளக்கப் பழகிக்கொள்ளுங்கள். இன்னொன்று, மருத்துவமனையில் பிறந்தவுடன் பதிவாகி, குழந்தையின் பெயர் கட்டம் வெறுமையாகவே விடப்பட்ட பிறப்புச் சான்றிதழ்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அதை ஊரில் உள்ள பதிவாளரிடம் பெயர் சேர்த்து வாங்குவதே நல்ல வழி. பதிவே இல்லாதவர்கள், பதிவு இல்லை என்பதற்கான சான்றிதழோடு, பிறப்பை நேரடியாக அறிந்த மூத்த உறவினர் இருவரின் உறுதிமொழிப் பத்திரங்களையும் பள்ளிச் சான்றிதழையும் வைக்கிறார்கள்.

நேர்முக நாளின் நடைமுறை எளிது. கடிதத்தில் குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பாகப் போனால் போதும். பாதுகாப்புச் சோதனை, பதிவு மேசை, காத்திருப்பு அறை. பெயரை அழைத்ததும் இருவரும் சேர்ந்தே உள்ளே போவீர்கள். உட்காரும் முன் வலக்கையை உயர்த்தி உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், வேலை அனுமதி அட்டை, ஐ-94 ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் மூலப்பிரதியைக் கேட்பார்கள். நகலைக் கோப்பில் கொடுத்துவிட்டோம் என்று மூலத்தை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். பிறகு எப்படிச் சந்தித்தீர்கள், யார் பார்த்தது, முதலில் எப்போது பேசினீர்கள், நிச்சயம் எங்கே, திருமணத்துக்கு மாமனார் மாமியார் வந்தார்களா, காலையில் யார் முதலில் கிளம்புகிறார், வாடகை யார் கணக்கிலிருந்து போகிறது என்பது போன்ற கேள்விகள் வரும். கணவரைக் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். சீரான கோப்பாக இருந்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஐயம் எழுந்தால் இருவரையும் தனித்தனியே அழைத்து ஒரே கேள்விகளைக் கேட்டு விடைகளை ஒப்பிடுவார்கள். 1970களில் நியூயார்க்கில் நடந்த ஸ்டோக்ஸ் வழக்கின் பெயரால் இதை ஸ்டோக்ஸ் நேர்முகம் என்றே சொல்கிறார்கள். அந்த வழக்கின் சமரசத் தீர்வுதான் அங்கே தனி விசாரணைக்கு முறையான நடைமுறைப் பாதுகாப்புகளைக் கொண்டுவந்தது. அப்படிப் பிரித்துக் கேட்டாலும் பதற வேண்டாம். உண்மையான தம்பதியர் எல்லா விடையிலும் ஒத்துப்போவதில்லை. நேற்றிரவு என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் ஒருவர் தோசை என்றும் மற்றவர் இட்லிமாவில் ஊற்றியது என்றும் சொல்லலாம். வீட்டில் எத்தனை படுக்கையறை, மாமியார் உயிரோடு இருக்கிறாரா போன்றவற்றில் மாறினால்தான் சிக்கல். போலித் திருமணத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை ஐந்து ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அதைவிடக் கடுமையானது, போலி என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் பிற்காலத்தில் உண்மையான கணவரோ, வேலை கொடுப்பவரோ தாக்கல் செய்யும் மனுவும் ஏற்கப்படாது என்ற, குடியேற்றச் சட்டத்தின் 204(சி) பிரிவு.

திருமணம் பற்றிய கேள்விகளுக்கே எல்லாரும் தயாராகிறார்கள். என் மதிப்பீட்டில் உண்மையான ஆபத்து ஐ-485இன் ஆம்-இல்லை கேள்விகளில் இருக்கிறது. படிவம் நிரப்பும்போது எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று மளமளவென்று குறித்துவிட்டுப் போகிறோம். அதிகாரி அவற்றுள் பலவற்றை மறுபடி வாய்மொழியாகக் கேட்பார். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்து சிறு துப்பாக்கி சுடப் பழகியவர், ஆயுதப் பயிற்சி பெற்றீர்களா என்ற கேள்விக்கு என்ன சொல்வது? பெற்றேன் என்பதுதான் உண்மை. அது கல்லூரி மாணவர்களுக்கான அரசுத் திட்டம் என்று ஒரு வரி விளக்கம் போதும். அதனால் யாருக்கும் கிரீன் கார்டு மறுக்கப்படப்போவதில்லை. மறைத்தது தெரிந்தால் தொல்லை. தமிழ்ச் சங்கத்தில் பொறுப்பு வகித்தது, மாணவர் அமைப்பு, தொழிற்சங்கம் ஆகியவை அமைப்பு உறுப்பினர் கேள்வியில் வரும். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தது குடியேற்றச் சட்டத்தில் இன்றும் ஒரு தடைதான். பதினாறு வயதுக்கு முன் சேர்ந்திருந்தது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு முன்பே விலகியது போன்ற விலக்குகள் உண்டு. கல்லூரிக் காலத்தில் அப்படி ஓர் அட்டை வாங்கியவர் முதலில் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

வாக்காளர் பட்டியல் இன்னொரு பொறி. ஓட்டுநர் உரிமம் வாங்கும் அலுவலகத்தில், வாக்காளராகப் பதிய விருப்பமா என்று ஒரு கேள்வி வரும்; அவசரத்தில் "ஆம்" என்று குறித்துவிட்டால், அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக அது ஆகக்கூடும். வேலையில் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்தில் தவறான கட்டத்தைக் குறிப்பதும் இதே வகை. இந்தத் தவறுக்குச் சட்டத்தில் மன்னிப்பு வழி மிகக் குறுகியது. கஞ்சாவும் அப்படியே: நியூஜெர்சியில் மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், குடியேற்றம் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் வருகிறது, அங்கே அது இன்னும் குற்றம். கைது, போலீஸ் வழக்கு, நீதிமன்றத்தில் தள்ளுபடியானது எதுவாக இருந்தாலும் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தின் சான்றொப்பமிட்ட இறுதி ஆணையையும் கொண்டுபோக வேண்டும்.

இது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கும் ஈழத்தமிழர்களுக்காகச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விடுதலைப் புலிகள் அமைப்பு 1997 முதல் அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் இருக்கிறது. அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த ஊரில் வாழ்ந்து, சோதனைச் சாவடியில் வரி கொடுத்ததும், சமைத்துப் போட்டதும்கூடச் சட்டத்தின் சொற்படி "பொருளுதவி" ஆகிவிடுகிறது. அச்சுறுத்தலின் பேரில் செய்தவற்றுக்கு விலக்களிக்க வழி இருக்கிறது; ஆனால் அதை முறைப்படி எழுதி வைக்க வேண்டும். அகதி நிலை பெற்ற விசாரணையில் சொன்னதற்கும் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் எழுதியதற்கும் வேறுபாடு இருக்கக் கூடாது. இவர்கள் எவரும் வழக்கறிஞர் இல்லாமல் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வழக்கறிஞர் உங்களுக்கும் தேவையா? நீங்கள் முறையாக விசாவில் வந்து, இடையில் ஒரு நாளும் நிலை தவறாமல், கைது எதுவும் இல்லாமல், இருவருக்கும் இது முதல் திருமணமாக இருந்தால், வழக்கறிஞர் இன்றியே போகலாம். விசா காலம் கடந்து தங்கியவர்களின் நிலை வேறு. குடிமகனின் துணைக்கு, முறையாக நாட்டுக்குள் நுழைந்திருந்தால், காலங்கடந்து தங்கியதைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. ஆயினும் 2025ஆம் ஆண்டின் இறுதியில் சான்டியாகோவில் நேர்முகத்துக்கு வந்த அத்தகைய சிலர் அங்கேயே கைது செய்யப்பட்ட செய்திகள் வந்தன. நாடு கடத்தும் உத்தரவு நிலுவையில் உள்ளவர்களும், முன்பு வேறொருவர் மூலம் திருமண மனு தாக்கல் ஆனவர்களும் ஆலோசனை பெறாமல் வாசலை மிதிக்க வேண்டாம்.

உங்கள் பெற்றோருக்கோ மாமியாருக்கோ பின்னாளில் நேர்முகம் வந்தால் மொழிபெயர்ப்பாளரை நீங்களே அழைத்துச் செல்ல வேண்டும்; அதற்கு ஜி-1256 என்ற உறுதிமொழிப் படிவம் உண்டு. வழக்கில் சாட்சியாகக் கூடியவர் மொழிபெயர்க்கக் கூடாது என்பதால், குடும்பத்துக்கு வெளியே ஒருவரை ஏற்பாடு செய்வது நல்லது.

ஐ-864 பற்றிக் கணவருக்கு ஒரு சொல். வறுமைக் கோட்டு அளவின் 125 விழுக்காட்டுக்குக் குறையாத வருமானத்தில் மனைவியைத் தாங்குவேன் என்று அரசோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. மனைவி குடிமகள் ஆகும் வரையோ, வேலை செய்த காலம் நாற்பது காலாண்டுக் கணக்கை எட்டும் வரையோ அது நீடிக்கும். மணவிலக்கு ஆனாலும் முடிவதில்லை. கையெழுத்திடுவதன் பொருளை அறிந்தீர்களா என்று அதிகாரி கேட்டால், கணவர் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நேர்முகம் முடிந்ததும் சிலரிடம் அங்கேயே "ஏற்கப்பட்டது" என்று சொல்லிவிடுவார்கள். பலரிடம் "இன்று முடிவு சொல்ல இயலாது" என்று ஒரு தாளைக் கொடுப்பார்கள். மேலதிகாரியின் பார்வையோ, பின்னணிச் சோதனையோ மிச்சம் இருக்கலாம், அது மறுப்பு அல்ல. கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால், குறித்த நாளுக்குள், கேட்ட அனைத்தையும் ஒரே தடவையில் அனுப்புங்கள். 120 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று பலர் மேற்கோள் காட்டும் விதி குடியுரிமை நேர்முகத்துக்கு உரியது, இதற்கு உரியதன்று. முடிவு வரும் வரை வேலை அனுமதி அட்டைக்கு மாறாமல் எச்-1பி நிலையையே பேணுங்கள். ஒருவேளை மறுக்கப்பட்டாலும் காலுக்குக் கீழே தரை இருக்கும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் வழியாகத் தெரிவியுங்கள்; அட்டை தபாலில்தான் வரும்.

உங்கள் திருமணத்துக்கு இரண்டு ஆண்டு நிறையாததால், ஏற்கப்பட்டாலும் கிடைப்பது இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை அட்டை. 1986ஆம் ஆண்டின் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. அட்டை கைக்கு வந்ததும் பெயரின் எழுத்துகளையும், பிறந்த தேதியையும், "சிஆர்6" என்ற வகைக் குறியீட்டையும் சரிபாருங்கள். அது காலாவதியாகும் நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அப்போதும் கேட்கப்போவது இதே வாடகை ஒப்பந்தம், இதே வரிக் கணக்கு, இதே காப்பீடு ஆகியவற்றின் அடுத்த இரண்டு ஆண்டுத் தொடர்ச்சியைத்தான். ஆகையால் நேர்முகத்துக்குக் கொண்டுபோன கோப்பை வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் போட்டுவிடாமல், அந்த மாத வாடகை ரசீதிலிருந்தே அதில் தொடர்ந்து சேர்த்துக்கொண்டு வாருங்கள்.